வாசலைப் பார்த்துப் புள்ளி வைத்தல்

எங்கள் தெருவின் கடைசி வீட்டில், தபால் இலாகாவில் முப்பத்தைந்து வருஷம் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். சென்ற ஐப்பசி மாதத்து இரவொன்றில் யாரோ ஒருவன் அவர் வீட்டு கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே நுழைந்து, பேரனுடைய சைக்கிளையும் துளசிமாடத்தருகே கவிழ்த்து வைத்திருந்த பித்தளைக் குடத்தையும் எடுத்துக்கொண்டு, அவசரமில்லாமல் வந்த வழியே போய்விட்டான். போன பொருள்களின் மதிப்பு பெரிதல்ல. மாடிக் கைப்பிடிச் சுவரின் மேல் ஒரு கண்காணிப்புக் காமிரா இரவும் பகலும் விழித்துக்கொண்டிருக்க, அதன் கண்ணெதிரே நடந்துவிட்ட காரியம் அது என்பதுதான் பெரியவரின் மனத்தை உறுத்தியது.

மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டனுப்பினார். பதிவை ஓட்டிப் பார்த்தோம். வந்தவன் வருவது தெரிந்தது. அவன் சட்டை முழங்கைக்கு மேல் மடித்து விடப்பட்டிருந்தது தெரிந்தது. குனிவதும், நிமிர்வதும், ஒரு தடவை திரும்பி மாடியையே பார்ப்பதும் தெரிந்தன. முகம் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் கரைத்த மாவைப் பூசியது போல ஒரு வெளுப்பு. பெரிதாக்கிப் பார்த்தோம், வெளுப்பு பெரிதாயிற்று.

"எட்டு மெகாபிக்ஸல் போட்டிருந்தா ஆளு யாருன்னு தெரிஞ்சிருக்கும்னு அந்தக் கடைப் பையன் சொல்றான். நிஜந்தானா, தம்பி?" என்று கேட்டார் பெரியவர்.

"அளந்து பார்த்துத்தான் சொல்லணும், ஐயா" என்றேன். சமாளிப்பதற்காகச் சொன்ன பதில்தான் அது. ஆனால் பிறகு யோசிக்க யோசிக்க, அந்தக் கேள்விக்கு வேறு பதிலே கிடையாது என்பது எனக்கு விளங்கிற்று. மெகாபிக்ஸல் என்பது காமிராவின் பெட்டி மீது அச்சிட்டிருக்கும் எண். வந்தவனுடைய முகம் தெரியுமா தெரியாதா என்பதோ அந்தப் பெட்டியில் எங்கும் எழுதப்படாமல், நம்முடைய வாசலின் அகலத்திலும், காமிராவுக்கும் கேட்டுக்கும் உள்ள தூரத்திலும், இரவில் அங்கே விழும் வெளிச்சத்திலும் எழுதப்பட்டிருக்கிறது.

மார்கழி விடியலில் புள்ளிக்கோலம் போடும் பெண்களுக்கு இந்த விஷயத்தின் மூலதத்துவம் நன்றாகத் தெரியும். பதினைந்து புள்ளி, பதினைந்து வரிசை என்ற கோலத்தை நாலடி வாசலிலும் போடலாம், முப்பதடி அகலமுள்ள கோயில் முற்றத்திலும் போடலாம். புள்ளிகளின் எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றே. புள்ளிக்கும் புள்ளிக்கும் உள்ள இடைவெளி மட்டுமே வேறு. நாலடி வாசலில் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே உள்ளங்கையை வைக்கலாம். கோயில் முற்றத்திலோ ஒரு குழந்தையே சம்மணமிட்டு உட்கார்ந்துகொள்ளலாம். காமிராவின் பிக்ஸல் என்பதும் இத்தகைய புள்ளியே. தன் பங்குக்கு வந்த சிறு சதுரத்திலிருந்து வரும் ஒளியை மொத்தமாகக் கூட்டி, அதற்கு ஒரே நிறத்தை எழுதிவைப்பதோடு அதன் கடமை முடிந்துவிடுகிறது. அந்தச் சதுரத்துக்குள் ஒரு கண்ணும் புருவமும் சேர்ந்து அடங்கிவிட்டால், கண்ணும் புருவமும் கலந்த ஒரு நிறம் மிஞ்சுமேயன்றிக் கண்ணும் மிஞ்சாது, புருவமும் மிஞ்சாது. திரைப்படத் துப்பறிவாளர்கள் பொத்தானை அழுத்தி அழுத்தி மங்கிய முகத்தைத் துலக்குவது வெறும் கற்பனை. பதியாத விவரத்தைப் பிறகு வரவழைக்கும் மந்திரம் எவரிடமும் இல்லை.

கடைகளில் இன்று வழங்கும் காமிராக்களின் புள்ளிக் கணக்கு இது. இரண்டு மெகாபிக்ஸல் என்பது அகலத்தில் 1920, உயரத்தில் 1080, ஆக 20,73,600 புள்ளிகள். நான்கு என்பது பெரும்பாலும் 2560-க்கு 1440. ஐந்து என்பது 2592-க்கு 1944. எட்டு, அதாவது 4கே என்று விளம்பரப்படுத்தப்படுவது, 3840-க்கு 2160, ஆக 82,94,400. இவற்றில் வாங்குபவர் கவனிக்க வேண்டிய சூட்சுமங்கள் இரண்டு உண்டு. மெகாபிக்ஸல் பரப்பளவின் கணக்கு. முகத்தின் தெளிவோ நீளத்தின் கணக்கு. ஆகையால் இரண்டிலிருந்து எட்டுக்குப் போகும்போது புள்ளிகள் நான்கு மடங்காகப் பெருகினாலும், அகலத்தில் நமக்குக் கிடைப்பது இரண்டு மடங்குதான். மற்றொன்று, நான்கு மெகாபிக்ஸலுக்கும் ஐந்துக்கும் அகலத்தில் உள்ள வித்தியாசம் வெறும் 32 புள்ளி. ஐந்தாவது மெகாபிக்ஸல் பெரும்பாலும் படத்தின் உயரத்தைக் கூட்டுவதற்கே செலவாகிவிடுகிறது. குறுகிய சந்துக்கும் மாடிப்படிக்கும் அந்த உயரம் உபயோகப்படும். அகன்ற வாசலுக்கு அதனால் அதிகப் பிரயோஜனமில்லை.

கண்காணிப்புக் காமிராவின் பூர்வோத்தரத்தை அறிவது சுவாரசியமானது. 1942-ஆம் ஆண்டு, ஜெர்மனியின் பால்டிக் கடற்கரையிலுள்ள பீனமுண்டேயில் வி-2 ராக்கெட்டுகளைச் சோதித்தபோது, பக்கத்தில் நின்று பார்ப்பது உயிருக்கு ஆபத்தாகையால், தொலைவிலிருந்து பார்ப்பதற்கென்று வால்டர் ப்ரூக் என்ற பொறியியலார் மூடிய சுற்றுத் தொலைக்காட்சி அமைப்பு ஒன்றை ஏற்படுத்தினார். அதே ப்ரூக்தான் 1960-களின் தொடக்கத்தில் பால் என்னும் வண்ணத் தொலைக்காட்சி முறையை வகுத்தவர். 1982-இல் நம் தேசத்துக்கு வண்ணத் தொலைக்காட்சி வந்தபோது நாம் ஏற்றுக்கொண்டதும் அந்த முறையையே. பழைய கண்காணிப்புக் காமிராக்கள் நொடிக்கு 25 படம் என்ற கணக்கையும், 704-க்கு 576 என்று சுமார் நான்கு லட்சம் புள்ளிகளில் அடங்கிய படத்தையும் இந்த வம்சாவளியிலிருந்தே பெற்றன.

எத்தனை புள்ளி இருந்தால் எவ்வளவு தெரியும் என்ற ஆராய்ச்சியும் ராணுவத்தில்தான் பிறந்தது. 1958-இல் ஜான் ஜான்சன் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர், இருளில் ஒரு பொருளைக் கண்டுகொள்வதற்கு அதன் குறுக்கே எத்தனை கோட்டு இணைகள் விழ வேண்டும் என்று அளந்து சொன்னார். ஏதோ ஒன்று இருக்கிறது என்று அறிய ஒன்று. இன்ன வகைப் பொருள் என்று அறிய நான்கு. இன்னதேதான் என்று துணிய ஆறுக்குச் சற்று மேல். அவர் காமிராவின் மொத்தத் திறனை எண்ணாமல், பார்க்கப்படும் பொருளின் மேல் விழும் கோடுகளை எண்ணினார். பின்னர் பிரிட்டனில் கண்காணிப்புக் காமிராவுக்கு விதி வகுத்தவர்களும், நிற்கும் மனிதன் திரையின் உயரத்தில் எத்தனை பங்கு தெரிகிறான் என்பதையே அளவுகோலாகக் கொண்டார்கள். சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 2014-இல் வெளியிட்ட 62676-4 என்ற தரவிதியும், ஒரு மீட்டருக்கு எத்தனை பிக்ஸல் என்றே பேசுகிறது.

அந்தத் தரவிதி பார்வையைப் பல படிகளாகப் பிரிக்கிறது. மீட்டருக்கு 25 பிக்ஸல் விழுந்தால் ஆள் நடமாட்டம் இருப்பதைக் கண்டறியலாம். 62-க்குச் சற்று அதிகமானால் உடை, நடை முதலிய அங்க அடையாளங்களைக் கவனிக்கலாம். 125 இருந்தால் ஏற்கெனவே அறிமுகமானவரை இனங்காணலாம். வந்தது பால்காரரா, பக்கத்து வீட்டுப் பையனா என்று வீட்டார் சொல்லிவிடலாம். முன்பின் பார்த்திராத அந்நியன் ஒருவனைச் சந்தேகத்துக்கு இடமின்றி அடையாளம் காட்ட வேண்டுமானால் 250 வேண்டும். மனித முகத்தின் அகலம் ஏறக்குறைய 16 சென்டிமீட்டர் ஆகையால், கடைசிப் படியில் ஒரு முகத்தின் குறுக்கே 40 புள்ளிகள் விழுகின்றன. இந்த நாற்பதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டால் போதும். மற்ற கணக்கையெல்லாம் ஒரு துண்டுக் காகிதத்தில் போட்டுவிடலாம்.

நம் வீடுகளை நாம் அடிக்கணக்கில் அளப்பதால் அடியிலேயே சொல்கிறேன். மீட்டருக்கு 250 என்றால் அடிக்கு 76. ஆகவே இரண்டு மெகாபிக்ஸல் காமிரா, அந்நியனை அடையாளம் காட்டும் தெளிவோடு 25 அடி அகலத்தைத் தாங்கும். நான்கும் ஐந்தும் ஏறக்குறைய 34 அடியையும், எட்டு மெகாபிக்ஸல் 50 அடியையும் தாங்கும். அறிந்தவரை இனங்கண்டால் போதும் என்பவர்கள் இந்த அகலங்களை இரட்டித்துக்கொள்ளலாம். தனி வீட்டின் வாசல் 25 அடிக்குள் பெரும்பாலும் அடங்கிவிடுமே, பிறகு ஏன் பெரியவர் வீட்டில் முகம் தெரியவில்லை என்று வாசகர் கேட்கக்கூடும். காமிரா வாசலை மட்டும் பார்ப்பதில்லை என்பதே அதற்கு விடை.

இங்கேதான் லென்ஸ் என்னும் பாத்திரம் அரங்கத்துக்கு வருகிறது. மலிவான காமிராக்களில் அநேகமாக இருப்பது 2.8 மில்லிமீட்டர் லென்ஸ். எதிரே எவ்வளவு தூரமோ, சுமாராக அதைப்போல் இரண்டு மடங்கு அகலத்தை அது தன் பார்வைக்குள் வாரிக்கொள்ளும். ஒரே காமிராவில் வீடு முழுவதும் தெரிகிறதே என்று வாங்குபவர் பூரித்துப்போகிறார். கோயில் முற்றத்துக் கோலத்தைப் போலப் புள்ளிகள் விலகி நிற்பதை அவர் எண்ணிப் பார்ப்பதில்லை. இதே அளவு ஒளியுணரி (சென்சார்) உடைய காமிராவில் 4 மில்லிமீட்டர் லென்ஸைப் பொருத்தினால், தூரத்தைப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்குச் சற்றுக் குறைந்த அகலம் தெரியும். 6 மில்லிமீட்டரானால் தூரமும் அகலமும் அநேகமாகச் சமம். 12 மில்லிமீட்டரானால் அகலம் தூரத்தில் பாதி. ஆகவே 25 அடி தூரத்தில் நிற்பவனை, எட்டு மெகாபிக்ஸலும் 2.8 லென்ஸும் கொண்ட விலையுயர்ந்த காமிரா எவ்வளவு தெளிவாகக் காட்டுமோ, ஏறக்குறைய அவ்வளவு தெளிவாக இரண்டு மெகாபிக்ஸலும் 6 மில்லிமீட்டர் லென்ஸும் கொண்ட சாதாரணக் காமிராவும் காட்டிவிடும். சுற்றிலுமுள்ள இடத்தைப் பின்னது காட்டாது என்பது மெய்யே. ஆனால் கேட்டில் நுழைபவனின் முகம் வேண்டும் என்று தீர்மானித்துவிட்ட பிறகு, எதிர்வீட்டு முருங்கைமரத்தைப் பற்றி நமக்கென்ன கவலை?

பெரியவர் வீட்டை அளந்தோம். மாடிச்சுவரின் காமிராவுக்கும் கேட்டுக்கும் 30 அடி. லென்ஸ் 2.8. ஆகவே கேட்டருகே 60 அடி அகலத்தில் 1920 புள்ளிகள் சிதறிக் கிடந்தன. கணக்குப் பார்த்தால் திருடன் முகத்தின் குறுக்கே விழுந்தவை 17 புள்ளிகள். கடைப் பையன் சொன்னபடி எட்டு மெகாபிக்ஸலை அதே இடத்தில் வைத்திருந்தால் 34 விழுந்திருக்கும். நாற்பதுக்கு இன்னும் ஆறு குறைவு. அதுவும் பட்டப்பகலில், அசையாமல் நிற்கும் ஆளுக்கு.

திருடர்களோ பட்டப்பகலில் அசையாமல் நிற்பதில்லை. இரவு நேரமே மெகாபிக்ஸலின் கர்வத்தை அடக்கும் நேரம். காமிராவுக்குள் ஒளியைக் கிரகிக்கும் ஒளியுணரி விரல் நகத்தினும் சிறியது. அந்தப் பரப்பை இருபது லட்சம் பங்காகப் பிரித்தாலும், எண்பது லட்சம் பங்காகப் பிரித்தாலும், லென்ஸ் வழியே வந்து விழும் ஒளி ஒன்றுதான். ஒரே முற்றத்தில் பெய்யும் மழையை அண்டாக்களில் பிடிப்பதற்கும், அதே இடத்தில் கிண்ணங்களை நெருக்கி வைத்துப் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது. ஐப்பசி மாதத்து அடைமழையில் கிண்ணமும் நிரம்பிவிடும். தூறலில் அது அடிகூட நனையாது. நான்கில் ஒரு பங்கு ஒளியைப் பெறும் சின்னஞ்சிறு புள்ளிகள், தமக்குக் கிடைத்தது ஒளியா இரைச்சலா என்று அறியாமல் தடுமாற, படம் முழுவதும் எறும்பு ஊர்வது போன்ற ஒரு நமைச்சல் பரவுகிறது. பெரிய ஒளியுணரியும் நல்ல லென்ஸும் கொண்ட எட்டு மெகாபிக்ஸல் காமிராக்கள் இல்லாமலில்லை. அவற்றின் விலை வேறு. ஒரே விலையில் இரண்டு காமிராக்களை ஒப்பிடும்போது, குறைந்த மெகாபிக்ஸல் உள்ளதே இரவில் நல்ல படம் காட்டுவது அபூர்வமான சங்கதியல்ல.

ஒளி போதாதபோது காமிரா தன் கண்ணை அதிக நேரம் திறந்து வைத்துக்கொள்கிறது என்பது இன்னொரு சங்கடம். நொடியில் 25-இல் ஒரு பங்கு நேரம் அது திறந்திருந்தால், சாதாரணமாக நடந்துபோகும் மனிதன் அதற்குள் ஐந்தரை சென்டிமீட்டர் நகர்ந்துவிடுகிறான். நாற்பது புள்ளி அகலமுள்ள முகம் பதினான்கு புள்ளி தூரம் தேய்ந்து பூசப்பட்டுவிடுகிறது. கரைத்த மாவு என்று நான் முதலில் சொன்னேனே, அதன் காரணம் பாதி இதுதான். எத்தனை மெகாபிக்ஸல் இருந்தாலும் தேய்ந்த முகம் தேய்ந்ததே. கேட்டின் மேல் ஒரு விளக்கைப் பொருத்தினால் காமிரா கண்ணைச் சீக்கிரம் மூடிக்கொள்ளும், படம் உறையும். காமிராவுக்குள்ளேயே இருக்கும் அகச்சிவப்பு விளக்கும் உதவும். ஆனால் அதைச் சுற்றி வரும் பூச்சிகளும், அந்தப் பூச்சிகளை நாடி வலை பின்னும் சிலந்திகளும் சேர்ந்து, லென்ஸின் முன்னால் வெள்ளைத் திரை கட்டிவிடுவதை மழைக்காலத்தில் எந்த வீட்டிலும் காணலாம். மாதம் ஒரு முறை ஒட்டடைக்கோலை அந்தப் பக்கமும் காட்டுவது, அடுத்த ரகக் காமிரா வாங்குவதை விடப் பெரிய பலன் தரும்.

சங்கிலிப் பறிப்பைப் பற்றிய செய்திகளைப் படித்துவிட்டு, தெருவில் போகும் மோட்டார் சைக்கிளின் எண்ணும் பதிவாக வேண்டும் என்று ஆசைப்படுபவர்கள் பலர். ஆசை நியாயமானது, கணக்கு கடுமையானது. மோட்டார் வாகன விதிகளின்படி காரின் எண்பலகையில் எழுத்தின் உயரம் 65 மில்லிமீட்டர். மோட்டார் சைக்கிளின் பின்பலகையிலோ எழுத்து 35, இலக்கம் 40 மில்லிமீட்டர்தான். முகத்தை அடையாளம் காட்டும் அதே 250 பிக்ஸல் நெருக்கத்தில்கூட, அந்த எழுத்தின் உயரத்துக்கு ஒன்பது புள்ளிகளும், எழுத்துக் கோட்டின் தடிமனுக்கு இரண்டுக்கும் குறைவான புள்ளிகளுமே விழும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி, நொடியின் 25-இல் ஒரு பங்குக்குள் 44 சென்டிமீட்டர் ஓடிவிடுகிறது. பலகையின் அகலமோ வெறும் 20 சென்டிமீட்டர். போதாக்குறைக்கு, எண்பலகை ஒளியைத் திருப்பியடிக்கும் தன்மை உடையதாகையால், அகச்சிவப்பு ஒளி பட்டதும் எழுத்து முழுவதும் வெளுத்துப்போகும். எனவே எண்பலகைக்கென்று குறுகிய பார்வையும் வேகமான ஷட்டரும் கொண்ட தனிக் காமிரா வேண்டும். முகத்தைப் பார்க்கும் காமிராவே தெருவில் ஓடும் வண்டியின் எண்ணையும் படித்துவிடும் என்று நம்புவது வீண்.

காமிராவை எவ்வளவு உயரத்தில் வைப்பது என்பதிலும் நாம் தவறு செய்கிறோம். திருடனின் கைக்கு எட்டக்கூடாதென்று மாடியில் ஏற்றிவிட்டால், அது பதிவு செய்வது உச்சந்தலையையும் தொப்பியையும்தான். பன்னிரண்டடி தூரத்தில் நிற்பவனைப் பத்தடி உயரத்திலிருந்து பார்த்தால், பார்வை ஏறக்குறைய 22 பாகை சாய்கிறது, முகம் தெரியும். பதினைந்தடி உயரத்திலிருந்து பார்த்தால் 40 பாகை. நெற்றியும் மூக்கின் நுனியும் தெரியும். 1966-இல் நியூயார்க் நகரத்தின் குவீன்ஸ் பகுதியில் வசித்த மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்ற செவிலிப் பெண்மணி, தம் கணவரோடு சேர்ந்து வீட்டுப் பாதுகாப்புக் காமிரா அமைப்பு ஒன்றுக்குக் காப்புரிமை கோரினார். 1969-இல் அது வழங்கப்பட்டது. அவருடைய யுக்தியில், கதவில் வெவ்வேறு உயரங்களில் பார்வைத் துளைகள் இருந்தன. வந்தவர் நெட்டையோ குட்டையோ, அவரவர் முகத்துக்கு நேரே காமிரா ஏறி இறங்கும். முகத்தைப் பார்க்க முகத்தின் மட்டத்துக்கு வர வேண்டும் என்பதை அந்த அம்மையார் அன்றே உணர்ந்திருந்தார்.

இனிச் செலவுக் கணக்கு. காமிராவின் விலையோடு காரியம் முடிவதில்லை; அது ஓயாமல் எழுதித் தள்ளுவதையெல்லாம் சேர்த்துவைக்க ஹார்ட் டிஸ்க் வேண்டும். இரண்டு மெகாபிக்ஸல் காமிரா ஒன்று, எச்.264 என்ற பழைய சுருக்குமுறையில் நொடிக்கு 4 மெகாபிட் வீதம் எழுதினால், ஒரு நாளைக்கு 43 ஜிகாபைட் ஆகிறது. நான்கு காமிராக்கள் உள்ள வீட்டில் ஒரு டெராபைட் டிஸ்க் ஆறு நாள்கூடத் தாங்காது. அதன்பின் பழையதை அழித்துப் புதியதை எழுதத் தொடங்கிவிடும். 2013-இல் வந்த எச்.265 முறையில் தரவு ஏறக்குறையப் பாதியாகக் குறைவதால், அதே டிஸ்க் பதினோரு நாள் வரை ஓடும். எட்டு மெகாபிக்ஸல் காமிராக்கள் நான்கை இந்தப் புதிய முறையிலேயே 8 மெகாபிட் வீதம் ஓட்டினாலும் மூன்று நாள் நிறைவதற்குள் டிஸ்க் நிரம்பிவிடும். பத்து நாள் காசி யாத்திரை போய்விட்டுத் திரும்பும் குடும்பத்துக்கு, முதல் நாள் நடந்த திருட்டின் அதியற்புதமான படம் நான்காம் நாளே அழிந்துபோயிருந்தால் என்ன லாபம்? காவல் நிலையங்கள் அனைத்திலும் காமிரா வைக்கவேண்டும் என்று 2020 டிசம்பரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அவற்றில் இரவுப் பார்வையும் ஒலிப்பதிவும் இருக்க வேண்டும், பதிவுகள் குறைந்தது ஓராண்டாவது காக்கப்பட வேண்டும் என்று வற்புறுத்தியதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். சாட்சி எவ்வளவு கூர்மையாகப் பார்த்தான் என்பதோடு, கேட்கும் நாள் வரை அவன் ஞாபகம் வைத்திருந்தானா என்பதும் முக்கியமல்லவா?

பதிவுப் பெட்டி செய்யும் சில தந்திரங்களையும் வாங்குபவர் அறிந்திருப்பது நலம். 1080என் என்றும் லைட் என்றும் குறிக்கப்பட்ட டி.வி.ஆர். பெட்டிகள், காமிரா அனுப்பும் 1920 புள்ளி அகலத்தை 960 ஆகப் பாதியாக்கி எழுதிக்கொண்டு, திரையில் காட்டும்போது இழுத்து நீட்டிவிடுகின்றன. முழுக் காமிராவுக்கு விலை கொடுத்தவர் அரைக் காமிராவின் படத்தைப் பெறுகிறார். கைபேசியில் நேரலையாகப் பார்க்கும் படமோ, இணையச் செலவைக் குறைப்பதற்காகத் தனியே அனுப்பப்படும் மங்கிய பிரதியாக இருப்பதுண்டு. அதைக் கொண்டு காமிராவை மதிப்பிடலாகாது. சம்பவம் ஏதேனும் நடந்துவிட்டால், திரையைக் கைபேசியில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது, இருக்கும் தெளிவையும் இழப்பதற்கே வழி. மூலப் பதிவைப் பென்டிரைவில் எடுத்துக் கொடுக்க வேண்டும். மின்னணுப் பதிவைச் சாட்சியமாக ஏற்பதற்கு, 2024 ஜூலை முதல் அமலில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியமத்தின் 63-ஆவது பிரிவு சான்றிதழ் கேட்கிறது என்பதையும் மறக்கக்கூடாது.

புள்ளிகளைக் கூட்டிக்கொண்டே போவதில் ஒழுக்கத்தைச் சார்ந்த சங்கடமும் ஒன்று உண்டு. எட்டு மெகாபிக்ஸலில் அகலமாகப் பார்க்கும் கண், நம் வாசலோடு நிற்பதில்லை. எதிர்வீட்டு ஜன்னலையும், பக்கத்து வீட்டுப் பெண்கள் துணி உலர்த்தும் மாடியையும் அதே கூர்மையோடு எழுதிவைக்கிறது. கள்வனுக்கு வைத்த கண் அண்டை அயலாரை உறுத்தலாகாது. பார்வையைக் குறுக்குவதால் முகமும் துலங்கும், நல்லுறவும் நிலைக்கும். இரண்டு தர்மங்கள் ஒரே லென்ஸில் நிறைவேறுவது அபூர்வ சௌகரியம்.

பெரியவர் கடைசியில் என்ன செய்தார் என்பதைச் சொல்ல வேண்டும். புதிய எட்டு மெகாபிக்ஸல் காமிரா வாங்கவில்லை. மாடியிலிருந்த பழைய காமிராவை, நடமாட்டத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கட்டும் என்று அங்கேயே விட்டுவைத்தார். இரண்டு மெகாபிக்ஸலில் இன்னொன்றை, 6 மில்லிமீட்டர் லென்ஸோடு, போர்ட்டிகோத் தூணில் எட்டடி உயரத்தில் கேட்டைப் பார்த்தாற்போலப் பொருத்தச் செய்தார். அங்கிருந்து கேட்டுக்கு 20 அடி. கணக்குப்படி முகத்துக்கு ஐம்பது புள்ளிகளுக்கு மேல் விழ வேண்டும். கேட்டின் தூணில் ஒரு விளக்கும் போட்டாயிற்று. காமிரா மாட்ட வந்த பையன், இவ்வளவு குறுகலாக வைத்தால் வீடு தெரியாதே என்று ஆட்சேபித்தான். "வீடு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்ப்பா" என்று சொல்லிவிட்டார்.

சோதித்துப் பார்ப்பதற்கு ஓர் அந்நியன் வேண்டுமே என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருந்தோம். அதற்கு அவசியமே ஏற்படவில்லை. மார்கழி முதல் நாள் விடியுமுன், விளக்கு வெளிச்சத்தில், பெரியவரின் மனைவி வழக்கம்போல் கேட்டருகே கோலம் போட்டார். மாடிக் காமிராவில் அது தரையில் கொட்டிய பாலைப் போல ஒரு வெண்மைத் திட்டு. தூணிலிருந்த காமிராவில் புள்ளிகளை எண்ண முடிந்தது. பெரியவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, திரையின் மேல் விரல் வைத்து வரிசை வரிசையாக எண்ணி, ஏழாவது வரிசையில் நின்றார்.

"இங்க ஒண்ணு குறையுதே?" என்றார்.

அம்மாள் காபித் தம்ளரோடு வந்து எட்டிப் பார்த்தார். "திருடனப் பிடிக்க வெச்சதா, என்னப் பிடிக்க வெச்சதா?" என்று கேட்டுவிட்டு, கோலப்பொடிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.